பன்னிரண்டு எண்களும் ஒரு முழங்காலும்: லாரன் ஜாக்சன், ஒரு நிகழ்வு ஆய்வு

29, 28, 33, 31, 34, 30, 31, 21, 26, 32, 13, 9.

அமெரிக்காவின் பெண்கள் கூடைப்பந்து லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வில் 2001 முதல் 2012 வரை லாரன் ஜாக்சன் வருடத்துக்கு எத்தனை ஆட்டம் ஆடினார் என்பதுதான் இந்த வரிசை. கூட்டினால் 317. அந்த 317 ஆட்டங்களில் அவர் எடுத்த புள்ளிகள் 6,007. மூன்று முறை லீகின் சிறந்த வீராங்கனை விருது, இரண்டு கோப்பைகள். ஆஸ்திரேலியாவுக்கு ஆடி வாங்கிய ஒலிம்பிக் பதக்கங்களையும் உலகக் கோப்பையையும் சேர்த்தால் பட்டியல் நீளும். அந்தப் பட்டியலை எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம். எனக்கு அதைவிட இந்தப் பன்னிரண்டு எண்கள்தான் சுவாரசியம்.

முதல் ஏழு வருடத்தில் 216 ஆட்டம். கடைசி ஐந்து வருடத்தில் 101. அந்த ஐந்து வருடத்திலும் ஓர் அணிக்கு சீசனுக்கு 34 ஆட்டம், அதாவது மொத்தம் 170. அதில் 69 ஆட்டங்களை அவர் வெளியே உட்கார்ந்து பார்த்திருக்கிறார், அல்லது வேறு நாட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். 2016 மார்ச் 31 அன்று ஓய்வை அறிவித்தபோது அவருக்கு வயது 34. சரி, உயரமான ஆட்டக்காரர்களுக்கு இது வழக்கம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் அதே உடம்பு 41 வயதில் திரும்பி வந்து உலகக் கோப்பைப் பதக்க ஆட்டத்தில் 30 புள்ளி எடுத்தது. 43 வயதில் ஒலிம்பிக் அணியில் இருந்தது. தேய்ந்துபோன உடம்பு எப்படி ஆறேழு வருடம் கழித்து வேலை செய்யும்? இந்த ஆய்வின் கேள்வி அதுதான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரை உடைத்ததில் வயதின் பங்கு குறைவு, நாட்காட்டியின் பங்கு அதிகம். பதிலில் ஓட்டைகளும் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன்.

ஆல்பரி

நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநிலங்களின் எல்லையில் மர்ரே ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் ஆல்பரி. ஆற்றைத் தாண்டினால் வடோங்கா. இரண்டும் ஒட்டிப் பிறந்த ஊர்கள், மாநிலம்தான் வேறு. டென்னிஸ் வீராங்கனை மார்கரெட் கோர்ட் பிறந்ததும் இங்கேதான். 1981 மே 11 அன்று ஜாக்சன் இந்த ஊரில் பிறந்தார்.

அப்பா கேரி, அம்மா மேரீ, இருவருமே ஆஸ்திரேலிய தேசிய அணிகளுக்கு ஆடியவர்கள். மேரீ 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடினார். 1977ல் அந்த அணி தேசிய இறுதிப்போட்டி வரை போனது. அப்புறம்? பெண்களுக்கென்று சம்பளம் தரும் பெரிய லீக் அங்கே இல்லை. ஊர் திரும்பினார். அம்மா அணிந்த 15ஆம் எண்ணைத்தான் மகளும் அணிந்தார். இதை நெகிழ்ச்சியான குடும்பக் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு இது ஒரு கணக்காகத்தான் படுகிறது. அம்மாவின் காலத்தில் பெண்கள் கூடைப்பந்தில் ஆட இடமில்லை. மகளின் காலத்தில் இடங்கள் ஒன்றல்ல, மூன்று, நான்கு. ஒரே வருடத்துக்குள் அத்தனையிலும் ஆட வேண்டியிருந்தது.

கான்பராவில் இருக்கும் ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் அரசுப் பணத்தில் நடப்பது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஒரு தங்கம்கூட இல்லாமல் நாடு திரும்பிய அவமானத்தில் பிறந்தது, 1981ல் திறக்கப்பட்டது. ஜாக்சனும் அதுவும் ஒரே வயது. 16 வயதில் உதவித்தொகையோடு அங்கே சேர்ந்தார். அந்த நிறுவனம் தன் பதின்வயதுப் பிள்ளைகளை ஓர் அணியாக்கி நேராக தேசிய பெண்கள் லீகில் இறக்கிவிடும். எதிரே இருப்பவர்கள் முப்பது வயதுக்காரர்கள், குழந்தை பெற்றவர்கள், முழங்கையை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள். பொதுவாக அந்தப் பிள்ளைகள் உதை வாங்கிக் கற்றுக்கொள்வார்கள், அதற்காகத்தான் அந்த ஏற்பாடே. 1998-99 சீசனில் கதை மாறியது. ஜாக்சன், பென்னி டெய்லர், கிறிஸ்டன் வீல் எல்லாம் இருந்த பிள்ளைகள் அணி கோப்பையையே தூக்கிக்கொண்டு போய்விட்டது. லீகின் சிறந்த வீராங்கனை விருது ஜாக்சனுக்கு. வயது 17.

அதற்கு முன்பே, 1998ல் ஜெர்மனியில் நடந்த உலகப் போட்டியில் தேசிய அணிக்காக ஆடி வெண்கலம் வாங்கியிருந்தார். ஓபல் கல்லின் பெயரைத் தாங்கிய அணி அது, ஓபல்ஸ். பள்ளி வயதுப் பெண் ஒருத்தி அதில் பெரியவர்களோடு ஆடினார். இந்த வயதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 16, 17 வயதில் ஓட ஆரம்பித்த வண்டி இது.

சிட்னி, பிறகு சியாட்டில்

2000 சிட்னி ஒலிம்பிக் இறுதிப்போட்டி. ஆஸ்திரேலியாவுக்கு எதிரே அமெரிக்கா, ஜாக்சனுக்கு எதிரே லிசா லெஸ்லி. பந்துக்கான இழுபறியில் லெஸ்லியின் ஒட்டுமுடி ஜாக்சனின் கையோடு வந்துவிட்டது. அமெரிக்கா 76-54 என்று ஜெயித்தது. ஆனால் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும் யாரும் அந்த ஸ்கோரைச் சொல்வதில்லை, முடியைத்தான் சொல்கிறார்கள். பத்தொன்பது வயதுப் பெண் உலகின் மிகப் பெரிய ஆட்டக்காரரோடு சமமாக மல்லுக்கட்டினார் என்ற விஷயம் அந்த முடிக்குப் பின்னால் மறைந்துபோனது.

அடுத்த வருடம் டபிள்யூ.என்.பி.ஏ. டிராஃப்டில் முதல் பெயராக சியாட்டில் ஸ்டார்ம் அவரை எடுத்தது. டிராஃப்ட் என்பது, சென்ற வருடம் மோசமாக ஆடிய அணிகள் முன்னுரிமையோடு புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை. ஸ்டார்ம் எவ்வளவு மோசம் என்றால், 2000ல் 32 ஆட்டத்தில் ஜெயித்தது 6. அமெரிக்கப் பெண்கள், பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் ஆடி 22 வயதில் இந்த லீகுக்கு வருவார்கள். ஜாக்சன் 19 வயதில் வந்தார், அதுவும் இரண்டு மூன்று வருடம் தொழில்முறை ஆட்டம் ஆடிய பிறகு.

உயரம் 196 செ.மீ. அந்த உயரத்தில் இருப்பவர்களைக் கூடைக்கு அடியில் நிறுத்துவதுதான் அன்றைய பழக்கம். ஜாக்சன் அங்கேயும் நிற்பார், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே வந்தும் போடுவார். அவரைக் காக்க உயரமானவரை நிறுத்தினால், வெளியே இழுத்துப்போய்த் தூரத்திலிருந்து போடுவார். வேகமான குட்டை ஆளை நிறுத்தினால், கூடைக்கு அடியில் கூட்டிப்போய்த் தலைக்கு மேலே போடுவார். எதிரணிப் பயிற்சியாளர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் தப்பாகத்தான் இருக்கும். இன்று உயரமானவர்கள் எல்லோரும் வெளியே வந்து போடுகிறார்கள், அதனால் இதன் புதுமை இப்போது தெரியாது.

2002ல் ஸ்டார்முக்கு மறுபடியும் டிராஃப்டின் முதல் இடம் கிடைத்தது. பந்தைக் கொண்டுசெல்லும் சூ பேர்ட் வந்தார். 2003ல் ஜாக்சன் லீகின் சிறந்த வீராங்கனை. அமெரிக்காவுக்கு வெளியே பிறந்த ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை. 2004ல் கனெக்டிகட் அணியை 2-1 என்று வென்று முதல் கோப்பை. அதே கோடையில் நடுவே ஏதென்ஸ் போய் அமெரிக்காவிடம் 74-63 என்று தோற்று வெள்ளியும் வாங்கிவந்திருந்தார்.

ஒரு வருடத்தைப் பிரித்துப் பார்ப்போம்

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2005 கடைசியிலிருந்து 2008 வரை அவருடைய நாட்காட்டியை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

ஆஸ்திரேலியக் கோடை என்பது அக்டோபரில் தொடங்கும் கூடைப்பந்து சீசன். 2005-06ல் கான்பரா கேபிடல்ஸ் அணிக்கு ஆடினார், கோப்பை வென்றார்கள். அது முடிந்த கையோடு 2006 மார்ச்சில் மெல்போர்னில் காமன்வெல்த் விளையாட்டு, தங்கம். மே மாதம் சியாட்டில், 30 ஆட்டம், பிறகு நாக் அவுட் சுற்றில் லாஸ் ஏஞ்சலஸிடம் தோல்வி. செப்டம்பரில் பிரேசிலில் உலகப் போட்டி. 12 நாளில் 9 ஆட்டம். இறுதியில் ரஷ்யாவை 91-74 என்று வென்று ஆஸ்திரேலியா முதன்முறையாக உலக சாம்பியன். அமெரிக்காவை அரையிறுதியிலேயே ரஷ்யா வெளியேற்றியிருந்தது. அந்தப் போட்டியின் சிறந்த வீராங்கனை பென்னி டெய்லர்.

அடுத்து? 2007 தொடக்கத்தில் தென் கொரியா, சாம்சங் அணி. மே மாதம் மறுபடி சியாட்டில். அந்த 2007தான் அவருடைய மிகச் சிறந்த லீக் சீசன் என்று நினைக்கிறேன். ஆட்டத்துக்குச் சராசரி 23.8 புள்ளி. ஜூலையில் வாஷிங்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 47 புள்ளி எடுத்து அன்றைய லீக் சாதனையைச் சமன் செய்தார், அந்த ஆட்டத்தில் அணி தோற்றது என்பது வேறு விஷயம். சிறந்த வீராங்கனை, சிறந்த தடுப்பாட்டக்காரர், இரண்டு விருதும் ஒரே வருடத்தில். சீசன் முடிந்ததும் மாஸ்கோவுக்கு விமானம். 2008 வசந்தத்தில் ஐரோப்பிய கோப்பை. பிறகு சியாட்டில். ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக், இறுதியில் மறுபடியும் அமெரிக்கா, 92-65, மூன்றாவது வெள்ளி. பெய்ஜிங் முடிந்ததும் கணுக்கால் அறுவைச் சிகிச்சை. அந்த வருடம்தான் பன்னிரண்டு எண்களில் வரும் 21.

அதாவது மூன்று வருடத்தில், 2006 கடைசியை விட்டால், எங்குமே தொடர்ந்து இரண்டு மூன்று மாத இடைவெளி கண்ணில் படவில்லை. நெல் வயலைக்கூட ஒரு போகம் தரிசாகப் போடுவார்கள்.

ஏன் போனார்?

ஆசை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் கணக்கு வேறு. அன்று டபிள்யூ.என்.பி.ஏ.வில் உச்சபட்ச சம்பளமே ஒரு சீசனுக்குச் சுமார் ஒரு லட்சம் டாலர். ஆண்கள் லீகில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கே அதைவிடப் பல மடங்கு. ரஷ்யாவில் இதே பெண்களுக்குப் பல மடங்கு தரத் தயாராக முதலாளிகள் இருந்தார்கள்.

மாஸ்கோ புறநகர் அணியான ஸ்பார்டக்கை நடத்தியவர் ஷப்தை கல்மனோவிச் என்ற தொழிலதிபர். ஜாக்சன், சூ பேர்ட், டயானா டவ்ராசி மூவரையும் ஒரே அணியில் சேர்த்தார். அமெரிக்காவில் மற்ற இருவருக்கும் எதிரணியில் ஆடிய டவ்ராசியும் அவர்களும் அங்கே ஒரே வீட்டில். டிக்கெட் விற்றுச் சம்பாதிக்கும் வியாபாரம் இல்லை அது, ஒரு பணக்காரரின் பெருமை. 2008லும் 2009லும் ஐரோப்பிய சாம்பியன் பட்டம். 2009 நவம்பரில் கல்மனோவிச் மாஸ்கோ தெருவில் காருக்குள் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். பெண்கள் கூடைப்பந்தின் மிக உயர்ந்த சம்பளங்கள் எந்த மண்ணில் நின்றன என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆக, சியாட்டில் புகழ் தந்தது. மாஸ்கோ பணம் தந்தது. ஓபல்ஸ் பதக்கம் தந்தது. கான்பரா வீடு மாதிரி. நான்கு முதலாளிகள், நால்வருக்கும் முழு ஆள் வேண்டும், நாலில் எவருமே அந்த உடம்பின் முழு வருடக் கணக்கை வைத்திருக்கவில்லை. ஒரே மாட்டை நான்கு வீட்டுக்காரர்கள் ஏரில் பூட்டியது போலத்தான். ஒவ்வொருவரும் தங்கள் வயலில் எவ்வளவு உழுதது என்று மட்டும் பார்த்தார்கள்.

2010, அதன் பிறகு

2009ல் முதுகில் அழுத்த எலும்பு முறிவு. அது ஆறியபின் வந்த 2010 ஓர் அபூர்வமான வருடம். முதலில் கான்பராவுக்குத் திரும்பி 2009-10 கோப்பை. பிறகு சியாட்டில் 34ல் 28 ஆட்டங்களில் வெற்றி, சொந்த அரங்கில் ஒரு தோல்விகூட இல்லை. நாக் அவுட்டில் ஏழுக்கு ஏழு. இறுதியில் அட்லாண்டாவை 3-0 என்று வென்றார்கள், ஆனால் 79-77, 87-84, 87-84. மூன்று ஆட்டத்திலும் சேர்த்து வித்தியாசம் எட்டே எட்டுப் புள்ளி. பந்து ஒரு விரல் விலகியிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும். ஜாக்சனுக்கு மூன்றாவது முறையாகச் சிறந்த வீராங்கனை விருது, இறுதிப்போட்டியின் சிறந்த வீராங்கனை விருதும்.

இந்த வருடம் என் வாதத்துக்கு எதிரானது போலத் தோன்றும். இவ்வளவு ஆடியும் உச்சத்தில் இருந்தாரே? ஆனால் 2009ன் கடைசிப் பகுதியை முதுகுக்காக இழந்ததையும், அந்தக் குளிர்காலம் ரஷ்யாவுக்குப் பதில் சொந்த ஊருக்குப் பக்கத்தில் கழிந்ததையும் சேர்த்துப் படித்தால், கட்டாய ஓய்வுக்குப் பின் வந்த அறுவடை மாதிரித்தான் எனக்குத் தெரிகிறது.

2011ல் இடுப்பு மூட்டில் அறுவை. 13 ஆட்டம். 2012ல் ஸ்பெயினின் வலென்சியா அணியோடு இன்னொரு ஐரோப்பிய கோப்பை, பிறகு லண்டன். தொடக்க விழாவில் ஆஸ்திரேலியக் கொடியைத் தூக்கி நடந்தார். 1992க்குப் பிறகு அந்தக் கொடியைத் தூக்கிய முதல் பெண். அந்தப் போட்டியில்தான் லிசா லெஸ்லியின் ஒலிம்பிக் புள்ளிச் சாதனையையும் தாண்டினார். சிட்னியில் கையோடு வந்தது முடி, லண்டனில் சாதனை. அரையிறுதியில் வழக்கம்போல அமெரிக்கா, பிறகு ரஷ்யாவை 83-74 என்று வென்று வெண்கலம். சியாட்டிலுக்கு அந்த வருடம் 9 ஆட்டம்தான் கொடுக்க முடிந்தது. அதுவே அங்கே கடைசி.

2013ல் தொடைத் தசை அறுவை. சீனாவுக்கு ஆடப்போன இடத்தில் வலது முழங்கால் போனது. கான்பராவில் திரும்ப முயன்று சில ஆட்டங்களோடு நின்றது. ரியோ ஒலிம்பிக்கைப் பிடித்துவிடலாம் என்று கடைசிவரை முயன்றார், முழங்கால் ஒத்துவரவில்லை. இந்த வருடங்களில் வலி மாத்திரைகளையும் தூக்க மாத்திரைகளையும் எவ்வளவு நம்பியிருந்தார், அதை விட்டு வெளியே வர எவ்வளவு பாடுபட்டார் என்பதைப் பின்னால் அவரே வெளிப்படையாகப் பேசினார். வெற்றிப் பட்டியல்களில் இந்த வரி வராது. ஆய்வு என்று எழுதும்போது விட முடியாது.

ஓட்டைகள்

இப்போது என் வாதத்தின் ஓட்டைக்கு வருகிறேன். சூ பேர்ட் இதே நாட்காட்டியில்தான் ஓடினார். அதே சியாட்டில், அதே மாஸ்கோ, அமெரிக்க தேசிய அணி வேறு. அவர் 2022 வரை, 41 வயது வரை ஆடினார். டவ்ராசி 2024 வரை, 42 வயது வரை. நாட்காட்டி கொல்லும் என்றால் அவர்களை ஏன் கொல்லவில்லை?

ஒரு காரணம் நிற்கும் இடம். பேர்ட் வெளியே நின்று பந்தைப் பகிர்பவர். ஜாக்சன் ஒவ்வொரு பந்துக்கும் கூடைக்கு அடியில் இரண்டு பேரின் எடையைத் தாங்கிக் குதித்து இறங்குபவர். 196 செ.மீ. உயரத்திலிருந்து இறங்கும் எடை முழுவதும் கணுக்காலிலும் முழங்காலிலும்தான் விழும். இன்னொன்று, பேர்டும் டவ்ராசியும் 22 வயது வரை பல்கலைக்கழக அணியில் வருடத்துக்கு ஒரே சீசன் ஆடியவர்கள். ஜாக்சன் அதற்குள் இரண்டு நாட்டு சீசன்களைப் பார்த்துவிட்டார். மூன்றாவது விஷயம்தான் எனக்கு முக்கியம். 2015ல் டவ்ராசி டபிள்யூ.என்.பி.ஏ. சீசன் முழுவதையும் விட்டுவிட்டு ஓய்வெடுத்தார். எகாடெரின்பர்க்கில் இருந்த அவருடைய ரஷ்ய அணி, ஓய்வெடுப்பதற்கே பணம் கொடுத்தது. அந்த அணிக்கு உடம்பின் மதிப்பு தெரிந்திருந்தது, அதை வாங்கவும் காசு இருந்தது. அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் ஆடினார். அப்படி ஒரு முதலாளி ஜாக்சனுக்கு 2007லோ 2008லோ கிடைக்கவில்லை.

பென்னி டெய்லரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1981 மே 24, ஜாக்சனைவிடப் பதிமூன்றே நாள் இளையவர். அதே கான்பரா நிறுவனம், அதே ஓபல்ஸ், அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் அணி, குளிர்காலத்தில் ஐரோப்பா. 2012ல் துருக்கியில் ஆடும்போது முழங்கால் தசைநார் கிழிந்து லண்டன் ஒலிம்பிக் போனது. அவரும் 2016ல் ஓய்வு. ஒரே அச்சில் வார்த்த இரண்டு பேர், ஒரே வருடத்தில் நின்றுவிட்டார்கள். இரண்டு பேரை வைத்து விதி எழுத முடியாது என்பது தெரியும். ஆனாலும் சும்மா விட மனம் வரவில்லை.

சின்ன லீக்

ஓய்வுக்குப் பிறகு இரண்டு மகன்கள் பிறந்தார்கள், ஹாரி, லென்னி. மெல்போர்னில் ஒரு கிளப்பின் அலுவலகத்தில் வேலை, பிறகு ஆஸ்திரேலியக் கூடைப்பந்து அமைப்பில் பெண்கள் பிரிவின் தலைமைப் பொறுப்பு. 2021ல் அமெரிக்காவின் நைஸ்மித் புகழ் அரங்கில் இடம்பிடித்த முதல் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர். அந்த அரங்கில் ஒருவரைச் சேர்த்தால் அவர் கதை முடிந்தது என்று அர்த்தம். இங்கே முடியவில்லை.

முழங்கால் வலிக்கு மருத்துவக் கஞ்சாவை, முறையான அனுமதியோடு, எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார். வலி குறைந்ததும் உடற்பயிற்சி, உடற்பயிற்சி கூடியதும் பந்து. 2022ல் ஆல்பரி வடோங்கா பேண்டிட்ஸ் என்ற ஊர் அணியில் பெயர் கொடுத்தார். இது அரைத் தொழில்முறை லீக். வேலைக்குப் போய்க்கொண்டே ஆடுபவர்கள், வார இறுதியில் ஆட்டம். அந்த அணியின் சொந்த அரங்கத்தின் வாசலில் எழுதியிருக்கும் பெயர் லாரன் ஜாக்சன் விளையாட்டு மையம். தன் பெயர் எழுதிய கட்டிடத்துக்குள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடப்போவது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். பொதுவாக ஊரில் பெயர் வைப்பது ஆள் போன பிறகுதான்.

அந்த வருடம் பேண்டிட்ஸ் கோப்பை வென்றது. அதே வருடம் செப்டம்பரில் சிட்னியில் உலகக் கோப்பை. தேசிய அணியின் பயிற்சியாளர் சாண்டி பிராண்டெல்லோ, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஜாக்சனோடு அதே அணியில் ஆடியவர். அவர் ஜாக்சனை அணியில் எடுத்தார். உணர்ச்சிக்காக எடுத்தார்கள் என்று முணுமுணுப்பு வருவது இயல்புதான். முதல் ஆட்டத்திலேயே பிரான்சிடம் 70-57 என்று அணி தோற்றது. அரையிறுதியில் சீனாவிடம் 61-59, இரண்டே புள்ளி. ஜாக்சன் இதிலெல்லாம் பெஞ்சிலிருந்து வந்து கொஞ்ச நேரம் ஆடிவிட்டுப் போனவர்.

அக்டோபர் 1, வெண்கலத்துக்கான ஆட்டம், எதிரே கனடா. இடம் சிட்னி சூப்பர்டோம். 2000ல் லெஸ்லியின் முடி விழுந்த அதே தரை. பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். ஓட்டம் பழைய வேகம் இல்லை, குதிப்பும் இல்லை. ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்ற அறிவு தேயவில்லை. தடுப்பவர் அரையடி தாமதித்தால் பந்து கையை விட்டுப் போயிருக்கும். 30 புள்ளி. ஆட்டம் 95-65. அதாவது அவர் ஒருவருடைய புள்ளியும் இரண்டு அணிகளுக்கும் நடுவே இருந்த வித்தியாசமும் ஒன்றேதான்.

இந்த 30 புள்ளியை அற்புதம் என்று எழுதினார்கள். எனக்கு அது அற்புதமாகப் படவில்லை. ஆறேழு வருடம் போட்டி ஆட்டம் ஆடாத முழங்கால், ஒரு வருடத்தில் ஒரே ஓர் ஊர் லீகும் ஒரு பத்து நாள் போட்டியும் மட்டும் ஆடியது. விமானம் இல்லை, இரண்டாவது முதலாளி இல்லை. 2007ன் லாரன் ஜாக்சனுக்கு யாராவது இந்த நாட்காட்டியைக் கொடுத்திருந்தால் என்ற கேள்விக்கு, தாமதமாக, சின்ன அளவில் கிடைத்த விடைதான் அந்த ஆட்டம்.

அதோடு விடைபெறுகிறேன் என்றவர் விடைபெறவில்லை. மெல்போர்னின் சவுத்சைட் ஃபிளையர்ஸ் அணியில் சேர்ந்து 2023-24ல் பெர்த்தை 2-1 என்று வென்று மறுபடியும் தேசிய லீக் கோப்பை. முதல் கோப்பைக்கும் இதற்கும் நடுவே 25 வருடம்.

பாரிஸ்

2024 பாரிஸ் ஒலிம்பிக் அணியில் அவர் பெயர் வந்தபோது வயது 43. ஐந்தாவது ஒலிம்பிக். முதல் ஆட்டத்தில் நைஜீரியா ஆஸ்திரேலியாவை 75-62 என்று தோற்கடித்தது, நைஜீரியப் பெண்களின் வேகத்துக்கு ஓபல்ஸ் ஈடுகொடுக்கவே முடியவில்லை. பிறகு கனடா, பிரான்ஸ், செர்பியா என்று வரிசையாக வென்று, அரையிறுதியில் அமெரிக்காவிடம் தோற்று, கடைசி நாளில் பெல்ஜியத்தை 85-81 என்று வென்று வெண்கலம். 2012க்குப் பிறகு அதுவரை ஓபல்ஸுக்கு ஒலிம்பிக் பதக்கம் இல்லை. ரியோவிலும் டோக்கியோவிலும் காலிறுதியோடு வீடு திரும்பினார்கள். அந்த இரண்டிலும் ஜாக்சன் இல்லை, 2000 முதல் பதக்கம் வந்த ஐந்திலும் இருந்தார். மூன்று வெள்ளி, இரண்டு வெண்கலம். இதில் பாரிஸ் பதக்கத்தை அவர் கணக்கில் எழுதுவது சரியில்லை. அவர் களத்தில் இருந்தது சில நிமிடங்கள்தான். ஜெயித்தது மற்றவர்கள்.

அந்த மற்றவர்களில் ஒருவர் அடிலெய்டைச் சேர்ந்த இசபெல் போர்லேஸ். 2004 செப்டம்பரில் பிறந்தவர். ஏதென்ஸில் ஜாக்சன் இரண்டாவது வெள்ளி வாங்கி இரண்டு வாரம் கழித்து. பாரிஸில் அவருக்கு வயது 19, சிட்னியில் ஜாக்சனுக்கு இருந்த அதே வயது. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.